ஈரச் சுண்ணாம்பு

அவன் கீறினதில் பதினேழை அழிச்சது நான்.
கணக்குப் பிழைக்காது;
ஒவ்வொரு மதிலுக்கும் ஓவசியர் கையெழுத்து வேணும்.

முதலாவது, ஸ்ரான்லி வீதி வாய்க்காலடியில்.
ரியூசன் நோட்டீசுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில
ஆள் உயரத்துக்கு ஒரு பாரை மீன்.
முப்பது வருசமாய் மூடாமல் கிடந்த சன்னத் துளையை
அதுக்குக் கண்ணாக்கியிருந்தான்.
சீமெந்து குழைச்சுக் கண்ணை அடைச்சன்.
பிறகு வெள்ளை. மூண்டு பூச்சு.
பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்கை
கை மீன் மணத்தது.

பேர் பிறகுதான் தெரியும்: றெக்ஸன்.
குருநகர். வள்ளங்களுக்கு இலக்கம் எழுதுற பொடியன்.
வள்ளத்தில மிஞ்சுறது நீல எனாமலும் சிவப்பும்;
ஆனபடியால் அவன்ர ஆக்களுக்கு எல்லாம்
நீல முகம், சிவத்த உள்ளங்கை.
கஸ்தூரியார் வீதியில ஒருத்தி
சாமி எண்டு நினைச்சுப் பூ வைச்சிட்டுப் போனாள்.
அது சின்னக்கடையில மீன் வெட்டுற ஞானம்மா.

ஒருநாள் விடிய நாலு மணி.
தேர்தலுக்கு முதல் மதில் எல்லாம் வெள்ளையாய் இருக்கவேணுமாம்.
பண்ணைப் பக்கம் நான் வாளியோட,
அவன் ஏணியில.
ரெண்டு கள்ளர் ஒரே வீட்டுக்கு வந்த மாதிரி.
"அண்ணை, ஒருக்கா ஏணியைப் பிடியுங்கோ, கால் ஆடுது."
பிடிச்சன்.
றோட்டு நடுவில படுக்கிற மாடு,
கொம்பு மட்டும் மிச்சம்.
முடிச்சிட்டு இறங்கி வாளியைப் பாத்தான்.
"எவ்வளவு நேரம் விடுவியள்?"
"வெயில் ஏறுமட்டும்."
"காணும்" எண்டு சைக்கிளை எடுத்தான்.

பிறகு கொஞ்சக் காலம் மதில்கள் சும்மா கிடந்தது.
எனக்கு வேலை குறைவு. சந்தோசம் எண்டும் இல்லை.
கலியாண மண்டபக்காரர் மயில் கேட்டாராம்;
மயில்காலை மயில்காலாகவே கீறினதில
பாதிக் காசுதான்.
சலூன் பலகை, பாண் ஓட்டோவின்ர பின்பக்கம்,
ரெண்டு மாரி வீட்டுக்குள்ள,
பழைய படங்கைச் சட்டத்தில அறைஞ்சு, அதில.
முதல் படத்தை வாங்கினது பல் டொக்டர் சுகிர்தமலர்.
நீல முகத்தைக் கண்டு பிள்ளையள் அழுகுதெண்டு
திருப்பிக் குடுக்கப் போய்,
இன்னொண்டு வாங்கிக்கொண்டு வந்தாவாம்.
அதுக்குப் பிறகு கொழும்பு. பேப்பரில படம்.
வள்ளத்துக்கு இலக்கம் எழுத இப்ப வேற ஆள்.

கந்தோருக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது.
பேர் தெரியாதபடியால்
'வெள்ளையடிக்கிற அண்ணை' எண்டு விலாசம்.

கோட்டடியில ஒரு பழைய வீடு.
செருப்பைக் கழட்டவேணுமோ எண்டு கேட்டன்.
கடைசி அறையில
சுவர் முழுக்க ஒரு வெள்ளை. வெறும் வெள்ளை.
சனம் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுது.
நான் கிட்டப் போனன்.
வலமிருந்து இடம் இழுத்து
ஓரத்தில ஒரு கொக்கி.
நான் இடக்கையன்.
யாழ்ப்பாணத்தில அப்பிடி வெள்ளையடிக்க
வேற ஆள் இல்லை.
நிண்டு பாக்கப் பாக்க, உள்ளுக்கு
ஒரு வாளி, வளைஞ்ச முதுகு,
மற்றப் பக்கம் பாக்கிற நீல முகம்.

விலைச் சீட்டில என்ர ஏழு மாசச் சம்பளம்.
பக்கத்தில சிவப்புப் பொட்டு. வித்தாச்சு.
கோபமோ சிரிப்போ, வந்தது என்னெண்டு இன்னும் தெரியேல்லை.
"அண்ணை, சரியா வந்திருக்கோ?"
"மூண்டாம் பூச்சுத் தடிப்பாப் போச்சு" எண்டன்.
எழுதி வைச்சான். உண்மையா, பேனை எடுத்து.

நேற்று நாவாந்துறைப் பள்ளிக்கூட மதில்.
ஆரோ சின்னக் கை. கரியால ஒரு ஆடு,
காலெண்டு பாத்தால் அஞ்சு.
"பின்னேரத்துக்குள்ள முடி" எண்டார் ஓவசியர்.

சுண்ணாம்பு ஈரத்தில கண்ணாடி, காய்ஞ்சால்தான் வெள்ளை.
மெல்லிசாய் அடிச்சால்
மழைக்குத் திரும்ப உள்ளுக்கிருக்கிறது தெரியும்.
தூரிகை பிடிச்சவனுக்குத் தெரியும்,
கையெழுத்து வைக்கிறவருக்குத் தெரியாது.

வாளிக்குள்ள இன்னும் ரெண்டு கோப்பை தண்ணி விட்டன்.
ஐப்பசிக்குப் பதினொரு நாள்.